பல ஆண்டு இடைவெளிக்குப் பின் குறைந்த செலவில் கேமிங் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் தன் கையாலேயே கணினியைப் பூட்டி விளையாடியவர், வேலை, குடும்பம் என்று ஒதுங்கியிருந்துவிட்டு இப்போது மீண்டும் ஆசைப்படுகிறார். அவருக்காக எழுதியது இது. புதிதாக வருபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் அவருக்கு உண்டு. புதியவர் எதையும் கேட்டுத்தான் வாங்குவார். இவர் கையிலோ பழைய விதிகள் இருக்கின்றன. அவற்றில் பாதி இன்றும் செல்லும், பாதி காலாவதியாகிவிட்டது.

நான் கடைசியாகப் பூட்டியது இன்டெலின் ஐ5-2500கே பிராசசர் காலத்தில். எல்லாமே மாறிவிட்டதா?

கைவேலை மாறவில்லை. மதர்போர்டில் பிராசசரை வைத்து, ராமைச் செருகி, கேபினட்டுக்குள் இறக்கி, கேபிள்களை மாட்டும் வரிசை அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் எளிதாகிவிட்டது. டிவிடி டிரைவ் இல்லை, சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டி மதர்போர்டின் மேலேயே படுத்துக்கொள்கிறது, அதற்குக் கேபிளே கிடையாது.

மாறியது பாகங்களின் தராதரம். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் முதல் 2017 வரை இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்கள் நான்கு கோர்களை (கணக்கிடும் தனி அலகுகளை) தாண்டவில்லை. உங்கள் 2500கே அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் பிராசசர்களைக் கொண்டுவந்ததும் அந்தத் தேக்கம் உடைந்தது. இன்று ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைத் தொடர்) என்பதுதான் அடிமட்டம். அடுத்து 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்ற இரண்டு கன்சோல்களும் வந்தன. இரண்டிலும் எட்டுக் கோர் பிராசசர், 16 ஜிபி மெமரி, வேகமான எஸ்எஸ்டி. பெரிய விளையாட்டுகளை உருவாக்குவோர் அவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். கீழே வரும் பல பதில்களுக்கு அந்த இரண்டு பெட்டிகளே காரணம்.

பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ற விதி இன்னும் செல்லுமா?

செல்லும். மொத்தத் தொகையில் 40 முதல் 50 சதவீதம் வரை அதற்குப் போகலாம். ஆனால் கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் நான்கு மடங்கு. திரைக்கு அடுத்தடுத்து அனுப்பும் ஒவ்வொரு படத்திலும், அதாவது பிரேமிலும், அத்தனை பிக்சல்களையும் கார்டு கணக்கிட்டாக வேண்டும். வரவேற்பறையில் உள்ள 4கே டிவியில் இணைத்து எல்லாவற்றையும் உச்ச அமைப்பில் ஆட வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், அது பட்ஜெட் கணினி அல்ல. பெயரை மாற்றிக்கொண்டு பிறகு பேசலாம்.

நீங்கள் விட்டுச் சென்றபோது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையே வழக்கம். இப்போது 144 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட 1080பி திரைகள் மலிவு மாடல்களிலேயே வருகின்றன. ஃப்ரீசிங்க் உள்ள திரையாகப் பாருங்கள். கார்டு தரும் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால், பிரேம்கள் 50-க்கும் 70-க்கும் இடையே ஏறி இறங்கினாலும் கண்ணுக்கு உறுத்தாது. பட்ஜெட் கணினிக்கு இது மிகப் பெரிய உதவி. 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளும் இத்தகைய திரைகளை ஏற்கின்றன.

8 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி போதுமா? நான் விட்டபோது 4 ஜிபியே பெரிது.

இன்றைக்கு அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இதுதான். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மெமரி நிரம்பியதும் விளையாட்டு நின்றுவிடாது. இடம் கிடைக்காத டெக்ஸ்சர்கள், அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்கள், கணினியின் ராமில் வைக்கப்பட்டு, தேவைப்படும்போது மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு வரும். கார்டின் சொந்த மெமரியோடு ஒப்பிட்டால் அந்தப் பாதை மிகக் குறுகியது. அதனால் சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு மூலையில் திரும்பும்போது படம் சட்டென்று திக்கும். சில விளையாட்டுகள் திக்காமல் தப்பிக்க, சுவரையும் தரையையும் மங்கலாகக் காட்டிவிடும். விமரிசனங்களில் சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் வேகத்தைக் காட்ட '1% லோ' என்று குறிக்கப்படும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

கன்சோல்களின் 16 ஜிபி, பிராசசருக்கும் கிராஃபிக்ஸுக்கும் பொதுவானது. அதில் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸுக்கே செலவிடும் விளையாட்டு கணினிக்கு வரும்போது 8 ஜிபிக்குள் அடங்கச் சிரமப்படுகிறது. அதேசமயம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற சிறிய கன்சோலில் மொத்தமே 10 ஜிபிதான். அதிலும் ஓடியாக வேண்டும் என்பதால், டெக்ஸ்சர் அளவைக் குறைத்தால் 8 ஜிபி கார்டிலும் பெரும்பாலான விளையாட்டுகள் ஒழுங்காக ஓடிவிடுகின்றன.

ஆகவே 1080பி திரை, போட்டி விளையாட்டுகள், விட்டுப்போன பழைய விளையாட்டுகளின் நீண்ட பட்டியல் என்று இருப்பவருக்கு 8 ஜிபி போதும். பெரிய புதிய விளையாட்டுகளை வந்தவுடன் ஆட வேண்டும், கார்டையும் ஐந்தாண்டு மாற்றக் கூடாது என்பவர் 12 அல்லது 16 ஜிபி பார்க்கட்டும். புதிதாக வாங்கும் கார்டில் 8-க்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அலுவலகக் கணினி பற்றிய பதிலில் வருகிறது.

அப்படியானால் எந்தெந்தக் கார்டுகளைப் பார்ப்பது?

விலை மாறிக்கொண்டே இருக்கும், ஆகையால் குணத்தை மட்டும் சொல்கிறேன்.

ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 2021-இல் வந்தது. 8 ஜிபி, 132 வாட். 1080பி-க்குச் சிக்கனமான கார்டு என்றால் நெடுநாள் இதையே கைகாட்டினோம். பழையதாகவோ தள்ளுபடியிலோ கிடைத்தால் இன்றும் தவறில்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடல் வேகத்தில் நடுத்தரம், மெமரியில் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்டில் ஓடும். ஆனால் 8 ஜிபிதான். அதன் அடுத்த தலைமுறையான 5060-உம் வேகம் கூடியும் 8 ஜிபியிலேயே நின்றுவிட்டது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு என் வணக்கம். புதிய கார்டு வாங்கக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால், 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி மாடல் 1440பி-க்கும் தாங்கும்.

நீங்கள் விட்டுச் சென்றபோது இல்லாத மூன்றாவது ஆள் இன்டெல். 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது. நல்ல கார்டு, ஆனால் இரண்டு நிபந்தனைகள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி, பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அடிப்படை அமைப்பில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய பிராசசரோடு சேர்த்தால் சில விளையாட்டுகளில் வேகம் கணிசமாகக் குறைகிறது. பழைய கணினிக்குள் செருக மட்டும் கார்டு தேடுபவருக்கு இது பொருந்தாது.

கடையில் ஒரே பெயரில் இரண்டு விலையில் கார்டு இருக்கிறது. மலிவானதை எடுக்கலாமா?

எடுக்கும் முன் பெட்டியின் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஜிடிஎக்ஸ் 1060 காலத்திலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. 3 ஜிபி மாடலில் மெமரி மட்டும் குறையவில்லை. 6 ஜிபி மாடலில் 1280 கோர்கள் என்றால் அதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3050-உம் அப்படித்தான்: 8 ஜிபி மாடலில் 2560 கோர்கள், 2024-இல் வந்த 6 ஜிபி மாடலில் 2304. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 8 ஜிபி மாடலில் மெமரிப் பாதை 192 பிட்டிலிருந்து 128 ஆகக் குறுக்கப்பட்டது. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில் 580, உள்ளே 570.

பிராசசரிலும் இதே கதை. ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் எண்ணில் சிறு வித்தியாசம்தான். ஆனால் 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் விரைவு மெமரி), பிசிஐஇ 4.0, 5500-இல் கேஷ் பாதி, பிசிஐஇ 3.0. இந்த இரண்டாவது விஷயம் மலிவுக் கார்டுகளோடு சேரும்போது வலிக்கும். இப்போதைய சிறிய கார்டுகள் பலவும் பிசிஐஇ ஸ்லாட்டின் பதினாறு பாதைகளுக்குப் பதில் எட்டுப் பாதைகளையே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் நான்குதான். பிசிஐஇ 3.0-இல் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதியாகிவிடும். மெமரி நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் அந்தப் பாதை வழியாகத்தான் வரவேண்டும் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

ரே டிரேசிங், டிஎல்எஸ்எஸ், பிரேம் ஜெனரேஷன் எல்லாம் விளம்பரம்தானே?

மூன்றும் மூன்று விதம்.

ஒளிக்கதிர்கள் பட்டுத் தெறிக்கும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு வந்தது. பட்ஜெட் கார்டில் அதை இயக்கினால் வேகம் சரியும், பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். ஆனால் அணைக்க முடியாத விளையாட்டுகளும் வரத் தொடங்கிவிட்டன. 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஓடுவதற்கே ரே டிரேசிங் வன்பொருள் உள்ள கார்டு வேண்டும். அதனால்தான் ஜிடிஎக்ஸ் 16 வரிசைக் கார்டுகளை, எவ்வளவு மலிவாக வந்தாலும், இப்போது நான் பரிந்துரைப்பதில்லை.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் உண்மையாகவே பயனுள்ளது. குறைந்த ரெசல்யூஷனில் படத்தை வரைந்து, முந்தைய பிரேம்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கித் தருகிறது. 2019-இல் வந்த முதல் வடிவம் மங்கலாக இருந்தது. 2020-இல் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து நிலைமை மாறிவிட்டது. எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் இது ஓடும். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் மூன்றாம் வடிவம் வரை எந்த நிறுவனத்தின் கார்டிலும் இயங்கும். தரத்தில் ஒரு படி கீழே. நான்காம் வடிவம் தெளிவாகவே மேம்பட்டது. அது ஆர்எக்ஸ் 9000 வரிசையை நம்பி உருவாக்கப்பட்டது.

பிரேம் ஜெனரேஷனில்தான் கவனம் தேவை. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்து வரைந்து செருகுவதே அதன் வேலை. நடுவில் செருக வேண்டுமானால் இரண்டாவது பிரேம் தயாரான பிறகும் அதைக் காட்டாமல் சற்றே நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே எண் இரட்டிப்பாகும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையாது. கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே 60 பிரேம் வருகிற இடத்தில் அது அழகு. 25 பிரேமில் திணறும் கார்டைக் காப்பாற்றாது. விளம்பர வரைபடத்தில் புதிய கார்டு பழையதைவிட மூன்று மடங்கு உயரமாக நின்றால், அடிக்குறிப்பில் இந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிராசசரும் மதர்போர்டும் எதை வைத்து முடிவு செய்வது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்). ரைசன் 5 5600, ஒரு பி550 மதர்போர்டு, டிடிஆர்4 ராம். 2017-இல் ரைசனோடு பரவிய சாக்கெட்டுக்கு 2025 வரை புதிய பிராசசர்கள் வந்தன என்பதே ஆச்சரியம். இனி இந்தப் பாதை நீளாது. அடுத்த முறை மதர்போர்டு, ராம் எல்லாமே மாற்ற வேண்டும். ஆனால் 5600-ஐ வைத்து நடுத்தரக் கார்டு எதையும் ஓட்டலாம்.

இரண்டாவது, 2022-இல் வந்த ஏஎம்5. ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2027-க்கும் அப்பால் இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று சிறிய பிராசசரை வாங்கி, சில ஆண்டு கழித்து அதே மதர்போர்டில் பெரியதைப் பொருத்த விரும்புபவருக்கு இதுவே வழி.

மூன்றாவது, இன்டெலின் ஐ5-12400எஃப். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இதன் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டுகளும் உண்டு, டிடிஆர்5 ஏற்பவையும் உண்டு. இரண்டையும் ஒன்றில் போட முடியாது. வீட்டில் டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தால் இந்த வழி கணக்குக்கு ஒத்துவரும். ஐ3-12100எஃப் நான்கு கோரில் எட்டு திரெட். மிகக் குறைந்த செலவு என்றால் அது.

இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டியின் ஏஎம்4 பிராசசர்களில் நிலைமை தலைகீழ்: எண்ணை அடுத்து 'ஜி' வந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு.

பழைய வழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரிலும், ஏஎம்5-இல் மதர்போர்டிலும் இருக்கின்றன. ஏஎம்4-இல் பிராசசரைக் குளிர்விக்கும் பழைய கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், இடையில் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் ஊசிகளோடு வெளியே வந்துவிடும். சிறிது நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஏதோ கோளாறு என்கிறார்களே?

இருந்தது. அந்தத் தலைமுறைகளின் உயர்ரகப் பிராசசர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசசரைத் திருத்தம் குணப்படுத்தாது. ஆகவே அந்தப் பிராசசர்களைப் பழையதாக வாங்க வேண்டாம். 12-ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ராம் எவ்வளவு வேண்டும்?

16 ஜிபி குறைந்தபட்சம், 32 நிம்மதி. எவ்வளவு வாங்கினாலும் இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். ஒரே துண்டானால் மெமரியின் பாதை பாதியாகிவிடும். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். டிடிஆர்4 என்றால் 3200, டிடிஆர்5 என்றால் 6000 வேகம் போதுமானது. அதற்கு மேல் போகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

ராம் மலிவு என்ற பழைய நினைப்பு மட்டும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு தரவு மையங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளத் தொடங்கியதால் 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது. இந்த நிலையில் டிடிஆர்4 கையில் இருப்பவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஏஎம்5-க்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய கணினியிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்?

கேபினட் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவானால் எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் முழுதும் கண்ணாடியோ தகடோ போட்டு மூடியிருந்தால் காற்று புகாது, அதை மட்டும் கவனியுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் படங்களுக்கும் கோப்புகளுக்கும் ஆகும், விளையாட்டுக்கு ஆகாது. கூலர் ஏஎம்4-இலிருந்து ஏஎம்5-க்குப் பெரும்பாலும் பொருந்தும். இன்டெலில் 1151 சாக்கெட் கூலர் 1700-க்குப் பொருந்தாது. துளைகளின் இடைவெளியே வேறு. பழைய அனலாக் இணைப்பான விஜிஏ கேபிள் மட்டும் கொண்ட மானிட்டர் என்றால், ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே கார்டுகளில் அனலாக் வெளியீடு இல்லை. சிக்னலை மாற்றித் தரும் அடாப்டர் வேண்டியிருக்கும்.

பவர் சப்ளையை மட்டும் எடுக்காதீர்கள். பத்தாண்டு ஓடிய பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். இன்றைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தம் சராசரியைவிட வெகுவாக அதிக மின்சாரத்தை இழுத்துவிட்டு இறங்கும். அந்தத் துள்ளலில் தளர்ந்த பவர் சப்ளை அணைந்துபோகும். கெட்ட நேரமானால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

புதிய பவர் சப்ளை எத்தனை வாட்?

மேலே சொன்ன கார்டுகளுக்கு 550 முதல் 650 வாட் தாராளம். 850 வாட் என்று எழுதிய பெயர் தெரியாத பெட்டியைவிட, நல்ல நிறுவனத்தின் 550 வாட் மேல். 80 பிளஸ் முத்திரை மின் சேமிப்பைச் சொல்கிறதே தவிர பாதுகாப்பைச் சொல்வதில்லை. உத்தரவாத ஆண்டுகளைப் பார்த்தால் நிறுவனத்துக்கே தன் பொருளில் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்துவிடும். கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட மாடலானால், பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. முனை ஒன்றுபோல் இருக்கும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டி-யும் ஹார்டு டிஸ்கும் புகைந்துபோக அது ஒன்று போதும்.

எஸ்எஸ்டி?

1 டிபி, என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான வகை), பிசிஐஇ 4.0 அல்லது 3.0. பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை, என்விஎம்இ 3.0 சுமார் 3500 வரை, 4.0 சுமார் 7000 வரை. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டி-க்கு மாறுவது பெரிய மாற்றம். எஸ்எஸ்டி-களுக்குள் உள்ள வித்தியாசம் விளையாட்டில் அவ்வளவாகத் தெரியாது. எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, சாட்டாவும் அதே வடிவில் வரும்.

பழைய கார்டு வாங்கலாமா? கிரிப்டோ சுரங்கத்தில் ஓடியதாக இருந்தால்?

வாங்கலாம். குறைந்த செலவில் கணினி பூட்டுபவருக்கு மிகப் பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கிராஃபிக்ஸ் கார்டு வைத்துச் சுரங்கம் நடத்துவது கட்டுப்படியாகாமல் போனது. அப்போது விற்பனைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே வேகத்தில் ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது விசிறி, காய்ந்து போவது பேஸ்டும் மெமரி மேல் ஒட்டிய பட்டைகளும். இவற்றை மாற்றிவிடலாம்.

நேரில் பார்த்து, கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கோர் எண்ணிக்கையும் மெமரி அளவும் அந்த மாடலுக்கு உரியவைதானா என்று சரிபாருங்கள். பழைய மலிவுக் கார்டின் பயாஸைத் திருத்தி, பெரிய கார்டின் பெயரைக் காட்டவைக்கும் மோசடி உண்டு. பிறகு பதினைந்து இருபது நிமிடம் கனமான ஒரு விளையாட்டையோ சோதனையையோ ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறினால், படம் ஒரு கணம் கருத்தால், கை கழுவிவிட்டுக் கிளம்பலாம். ஓட்டிக் காட்ட முடியாது என்பவரிடம் விலை பேசுவதே வீண்.

எவ்வளவு பழையது என்பதற்கும் எல்லை உண்டு. ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு விளையாட்டுகளுக்கான டிரைவர் மேம்பாட்டை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. 1080 டிஐ மேல் எனக்கும் பழைய மோகம் உண்டு, ஆனாலும் இப்போது வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோ ஆர்எக்ஸ் 6000 வரிசையோ தொடக்கமாக இருக்கட்டும்.

பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கிக் கார்டு மட்டும் போட்டால்?

பணம் மிகக் குறைவாக இருந்தால் நல்ல யோசனை, இரண்டு தடைகளைத் தாண்டினால். அவற்றின் பவர் சப்ளைகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். கார்டுக்கான கேபிள் இருக்காது, வேறொன்றை மாற்றவும் முடியாது. ஸ்லாட் மட்டுமே தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு வேண்டும். கேபினட் ஒல்லியானதானால் கார்டும் குட்டையாக இருக்க வேண்டும். மேலே கிண்டல் செய்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இங்கே பயன்படும்: 70 வாட், கேபிள் தேவையில்லை, குட்டை வடிவிலும் வருகிறது. நான் சொன்ன விலக்கு இதுதான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்; காரணம் அடுத்த பதிலில்.

விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா? லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் கேட்கிறது. அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ரைசனில் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. புதிய மதர்போர்டுகளில் டிபிஎம் பிராசசருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பயாஸில் இயக்கினால் போதும். வலொரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்ற விளையாட்டுகள் ஏமாற்றுத் தடுப்புக்காக செக்யூர் பூட்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

லினக்ஸ் நீங்கள் விட்டுச் சென்ற லினக்ஸ் அல்ல. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018-இல் வால்வ் வெளியிட்ட புரோட்டான், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கணினி இரண்டுக்கும் பிறகு தனியாக ஆடும் விளையாட்டுகள் பெரும்பாலும் நேரடியாகவே ஓடுகின்றன. வலொரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. உங்கள் பட்டியலில் அத்தகையவை இல்லாவிட்டால் விண்டோஸ் உரிமத்தின் காசும் மிச்சம்.

ஓவர்கிளாக் செய்து வேகத்தை ஏற்றுவது?

மறந்துவிடலாம். பிராசசரும் கார்டும் சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. கைக்கு வேலை வேண்டுமானால் எதிர்த்திசையில் போங்கள்: கார்டின் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் அதே வேகத்தில் சூடும் சத்தமும் குறையும்.

இரண்டு கார்டுகளை இணைத்து ஓட்டுவது?

செத்துவிட்டது. 2021 முதல் என்விடியா தன் இணைப்பு முறையான எஸ்எல்ஐ-க்குப் புதிய விளையாட்டு அமைப்புகள் சேர்ப்பதில்லை.

எல்லாம் பூட்டிவிட்டேன். விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது.

டிடிஆர்5 ராம் போட்டிருந்தால் முதலில் பொறுமையாக உட்காருங்கள். முதல் தடவை மெமரியை அளந்து சரிசெய்துகொள்ள மதர்போர்டு சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் பதறி அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் வரவில்லையென்றால் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்று பாருங்கள். பிறகு பிராசசருக்கான தனி மின் கேபிள், மதர்போர்டின் மேல் மூலையில் உள்ள எட்டு ஊசி. பிறகு ராமை எடுத்து, சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். முன்பு பீப் ஒலியை எண்ணுவோம். இப்போது பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. பழைய பி450 மதர்போர்டில் ரைசன் 5600 போட்டிருந்தால், பயாஸ் பழையதாக இருப்பதால் பிராசசரை அது அடையாளம் காணாமலும் இருக்கலாம். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாக பயாஸை மாற்றும் பொத்தான் சில மதர்போர்டுகளில் உண்டு. வாங்கும்போதே அது இருப்பதாகப் பாருங்கள்.

திரை வந்துவிட்டது. விளையாடத் தொடங்கும் முன் வேறு ஏதாவது?

விண்டோஸ் நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி வையுங்கள். பூட் கோப்புகள் அதில் போய் உட்காரும் வாய்ப்பு இருக்கிறது. மதர்போர்டின் வைஃபை, லேன் டிரைவர்களை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும், அந்த நேரம் பார்த்து வைஃபை தெரியாது.

பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். ரீசைசபிள் பார் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசியாக விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரின் வேகத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கி, மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அதை மாற்ற இரண்டு சொடுக்குகள் போதும்.